இசைத் தயாரிப்பாளர் தமக்கான புத்தகத்தைத் தேர்ந்து படிப்பது எப்படி

புத்தகம் வாங்குவதற்கு முன், உங்கள் கணினியில் பாதியில் நிற்கும் கடைசிப் பத்துப் படைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றுபோனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பைத் தாண்டவில்லை என்றால், உங்களுக்குத் தேவை பாடலமைப்பைப் பேசும் புத்தகம். பாடலமைப்பு முடிந்தும் வேறு ஸ்பீக்கரில் கேட்கும்போது மங்கிப்போகிறது என்றால், மிக்ஸிங் (தனித்தனி ஒலிகளைச் சமன்செய்து கலப்பது) பற்றிய புத்தகம் வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல், பிறர் புகழ்ந்தார்கள் என்பதற்காக வாங்கிய புத்தகங்கள் என் அலமாரியில் பல ஆண்டுகளாகப் பிரிக்கப்படாமலே இருக்கின்றன.

லூப்பில் சிக்கியவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டென்னிஸ் டிசாண்டிஸ் எழுதி, இசை மென்பொருள் நிறுவனமான ஏபிள்டன் 2015இல் வெளியிட்ட 'மேக்கிங் மியூசிக்'. இதிலுள்ள 74 உத்திகள் தொடங்குவதில், வளர்த்தெடுப்பதில், முடிப்பதில் வரும் சிக்கல்கள் என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சிக்கலை முதலில் விளக்கிவிட்டு வழியைப் பிறகு சொல்வதால், முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லாக் கருவிகளும் ஒலிக்கும் லூப்பைப் பாடலின் முழு நீளத்துக்கும் பரப்பிவிட்டு, பிறகு ஒவ்வொரு பகுதியிலும் வேண்டாததை நீக்கிக்கொண்டே வருவது அதில் வரும் ஒரு வழி. ஒன்றுமில்லாத திரையில் புதிதாக எதையாவது சேர்க்கத் தவிப்பவருக்கு, இருப்பதைச் செதுக்குவது எவ்வளவோ எளிது.

மிக்ஸிங்குக்கு மைக் சீனியர் எழுதி 2011இல் வெளிவந்த 'மிக்ஸிங் சீக்ரெட்ஸ் ஃபார் த ஸ்மால் ஸ்டூடியோ' போதும். ஈக்யூவையும் (வெவ்வேறு அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கம்ப்ரஸரையும் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கருவி) தொடுவதற்கு முன்பே, நீங்கள் கேட்கும் ஒலி நம்பத்தக்கதுதானா என்ற கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது. அந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல எல்லோருக்கும் கை துடிக்கும், தாண்டாதீர்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் செல்வதால், 3.43 மீட்டர் நீளமுள்ள அறையில் 50 ஹெர்ட்ஸ் அளவில் முதல் அதிர்வு நிலை உருவாகிறது, அதாவது சுவர்களுக்கிடையே எதிரொலிக்கும் அந்தத் தாழ்ந்த ஒலி ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் மங்கியும் நிற்கிறது. அறையின் நீளத்தில் சரிபாதியில் அமர்ந்தால் அந்த பாஸ் ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும், சுவரை ஒட்டி அமர்ந்தால் வீங்கிக் கேட்கும். இதை அறியாதவர் அறையின் குறையைப் பாடலின் குறை என்று எண்ணி, இல்லாத நோய்க்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பார். படித்த அன்றே நாற்காலியை அரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி, நன்கு பழகிய பாடல் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அதேபோல, கம்ப்ரஸரைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்தவுடன், அதைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடுங்கள். ஆனால் இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்திய பிறகே ஒப்பிட வேண்டும், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதை நம் காது சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

படைப்பூக்கத்துக்குப் பாடகர் டேவிட் பைர்ன் 2012இல் எழுதிய 'ஹவ் மியூசிக் வொர்க்ஸ்' நூலைச் சொல்வேன். இசை ஒலிக்கும் இடமே அதன் வடிவத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது அதில் அவர் முன்வைக்கும் வாதங்களுள் ஒன்று: எதிரொலி நீளும் கல் தேவாலயத்தில் மெதுவாக நகரும் நீண்ட சுரங்களே தெளிவாகக் கேட்கும். இதைப் படித்துவிட்டு, உங்கள் பாடல் இயர்போனில் கேட்கப்படுமா, பெரிய அரங்கில் ஒலிக்குமா என்று முடிவு செய்து, கிக் டிரம் ஒலியின் நீளத்தையும் ரிவெர்பின் (எதிரொலியின்) அளவையும் அதற்கேற்ப மாற்றிப் பாருங்கள். இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபின் 2023இல் வெளியிட்ட 'த கிரியேட்டிவ் ஆக்ட்' நூலில் தொழில்நுட்பம் இல்லை. வேலை தொடங்குமுன் இரண்டு பக்கம் படிக்க அது ஏற்றது. ஒரே மூச்சில் படித்தால் அறிவுரைகள் ஒன்றோடொன்று கலந்து எதுவும் நிற்காது. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975இல் வெளியிட்ட 'ஆப்ளிக் ஸ்ட்ராடஜிஸ்' புத்தகமே அல்ல, சீட்டுக்கட்டு. தேங்கும்போது ஒரு சீட்டை எடுத்து, அது சொல்வதைத் தட்டாமல் செய்ய வேண்டும். பிடித்த சீட்டு வரும்வரை எடுத்துக்கொண்டே இருந்தால் அதில் பயனில்லை.

எந்த நூலானாலும், மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம் மட்டும் படியுங்கள். பாடலின் நகல் ஒன்றைச் சேமித்து, அரை மணி நேரம் அந்த உத்தியை அதில் சோதித்த பிறகு, மாறியது என்ன என்று நகலின் பெயரிலேயே இரண்டு சொற்களில் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்தும் அப்படி ஒரு நகல்கூடச் சேரவில்லை என்றால், அந்தப் புத்தகத்தை மூடிவிட்டுப் பாதியில் நிற்கும் அந்தப் பத்தில் ஒன்றைத் திறக்கலாம்.