ஷாப்ஸ் தைக்கக் கொடுக்கும் முன்

என் முதல் ஷாப்ஸ் ஏழு மாதம் உழைத்தது. டெக்சாஸில் குதிரைச் சாமான் விற்கும் ஒரு கடையில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ‘மீடியம்’ என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். தொடையில் பிடித்தது, இடுப்பில் தொளதொளத்தது, கணுக்காலில் நான்கு அங்குலம் மிச்சமிருந்தது. விலை குறைவு என்று வாங்கிவிட்டேன். எட்டாவது மாதம் பண்டேராவுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றையடிப் பாதையில் மெஸ்கீட் முள் ஒன்று வலது தொடையில் புகுந்து, பழைய வேட்டியைக் கிழிப்பதுபோல் முழங்கால்வரை கிழித்துக்கொண்டு போனது. மெஸ்கீட் வேறொன்றுமில்லை, நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அந்த முள் எப்படிக் குத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷாப்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: குதிரை ஏறும்போது ஜீன்ஸுக்கு மேல் கட்டிக்கொள்ளும் தோல் கவசம். கால்களை மட்டும் மூடும். உட்காரும் இடம் திறந்திருக்கும். எழுத்தைப் பார்த்தால் ‘சாப்ஸ்’ என்று படிக்கத் தோன்றும். குதிரை ஏறுகிறவர்கள் ‘ஷாப்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்கள் முட்புதருக்குள் போக அணிந்த ‘சப்பரேராஸ்’ சுருங்கி வந்த பெயர் அது. ஆக, இதன் பிறப்பே முள்ளுக்காகத்தான். அலங்காரமெல்லாம் பின்னால் வந்தது.

கிழிந்ததை வீடியோ அழைப்பில் அப்பாவிடம் காட்டினேன். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் முப்பது ஆண்டு தோல் தரம் பிரித்தவர். “கிழிசலை விடு, ஓரத்தைக் காட்டு” என்றார். காட்டினேன். “திருப்பிக் காட்டு.” திருப்பினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருந்தது. “இது ஸ்பிளிட் அம்மா. மேல்தோலை எடுத்துவிட்டு மிஞ்சியதை உனக்கு விற்றிருக்கிறார்கள்.”

இதுதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் சோதனை. தடித்த மாட்டுத்தோலை இயந்திரத்தில் கொடுத்து இரண்டு அடுக்காகப் பிளப்பார்கள். மயிர் இருந்த மேல் அடுக்கில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், பலம் அங்கேதான். கீழ் அடுக்குதான் ஸ்பிளிட். தொட்டால் வெல்வெட் போல இருக்கும், இழுத்தால் கிழியும். நல்ல ஷாப்ஸிலும் சொரசொரப்பான பக்கத்தை வெளியே வைத்துத் தைப்பது உண்டு, அது சேணத்தில் வழுக்காமல் பிடிக்கும். ஆனால் அதைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே வழுவழுப்பான மேல்தோல் கட்டாயம் இருக்கும். இரண்டு பக்கமும் சொரசொரப்பு என்றால் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

அடுத்தது, தோல் மாட்டின் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது. தையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதில் கஞ்சத்தனம் செய்தால் எல்லாம் வீண். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது, இழுபடாது. வயிற்றுப்பக்கம் தளர்வானது, நாளாக ஆக நீண்டு, முழங்காலில் பை விழுந்துவிடும். அப்பா சொல்லிக் கொடுத்த வழி இது: தோலின் வழுவழுப்பான பக்கத்தை உள்பக்கமாக மடியுங்கள். மடிப்பில் தலைமுடி அளவுக்குச் சன்னமான சுருக்கங்கள் நெருக்கமாக விழுந்தால் முதுகுப் பகுதி. குழாய் குழாயாகப் பெரிய சுருக்கம் எழுந்தால் வயிறு. நான் இரண்டாவது முறை தைக்கக் கொடுத்த சேணம் செய்பவரின் பட்டறையில், முழுத் தோலையும் மேசையில் விரிக்கச் சொல்லி ஓரம் ஓரமாக மடித்துப் பார்த்தேன். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, “உங்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?” என்றார் மனிதர். அதற்குப் பிறகு பேச்சு எளிதாயிற்று. இரண்டு கால்களின் தொடை முன்பகுதியும் முதுகெலும்புப் பக்கம் வரும்படி, நீளவாக்கில் வெட்டுவதாக அவரே சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார்.

தடிமனை அங்கே அவுன்ஸில் சொல்வார்கள். இது எடைக் கணக்கு அல்ல. ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். ஷாப்ஸுக்கு 4 முதல் 5 அவுன்ஸ், அதாவது 1.6 முதல் 2 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் முள் தாங்கும், ஆனால் நடக்கும்போது இரண்டு கதவுகளைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும். நான் 5 எடுத்தேன். ஜூலை மாதங்களில் அதற்காக வருந்துகிறேன்.

பதனிடும் முறையில் எனக்கு ஊர்ப்பற்று தலைதூக்கியது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலின் வாசனையில் வளர்ந்தவள் நான். “பட்டையில் பதனிட்டதுதான் வேண்டும்” என்று அடம்பிடித்தேன். பட்டறைக்காரர் மறுத்தார். அப்பாவாவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், அவரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். பட்டையில் பதனிட்ட தோல் இடுப்புவாருக்கும் சேணத்துக்கும் அருமையானது. காலைச் சுற்றி வளைய வேண்டிய இடத்தில் விறைப்பாக நிற்கும், நனைந்து காய்ந்தால் அப்பளம்போல் ஆகிவிடும். குரோமில், அதாவது குரோமிய உப்பில், பதனிட்டதோ, குரோமும் பட்டையும் கலந்து பதனிட்டதோதான் காலுக்கு ஏற்றது. இடுப்புப்பட்டையை மட்டும் பட்டைத்தோலில் செய்து கொடுத்து என் மனதைத் தேற்றினார்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலோடு ஒட்டி, வெளிப்பக்கம் ஜிப் வைத்துக் கணுக்கால்வரை வருவது ‘ஷாட்கன்’. அகன்று விரிந்து, தொடைக்குப் பின்னால் கொக்கிகளில் மாட்டுவது ‘பேட்விங்’. பூட்ஸைக் கழற்றாமல் மாட்டலாம், காற்றும் வரும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் குஞ்சம் வைத்தது ‘சிங்க்ஸ்’. வெயில் ஊர்களுக்கும், அடிக்கடி இறங்கி ஏறும் வேலைக்கும் அதுவே சரி, உயரமான பூட்ஸ் மட்டும் வேண்டும். மான்டானா, வயோமிங் பக்கம் குளிருக்கு ஆட்டு ரோமத்தோடு ‘ஊலீஸ்’ உண்டு; நமக்கு வேண்டாம். நான் போகும் பாதைகளில் மெஸ்கீட், சப்பாத்திக்கள்ளி, கால் உரசும் உயரத்தில் காய்ந்த ஜூனிப்பர் கிளைகள். அதனால் ஷாட்கன்.

இனி அளவு. தனியாகத் தைக்கக் கொடுப்பதே இதற்காகத்தான். பெரும்பாலானவர்கள் தவறுவதும் இங்கேதான், ஏனென்றால் நின்றுகொண்டு அளவு கொடுக்கிறார்கள். ஷாப்ஸ் சேணத்தில் உட்காருவதற்கானது. என் வலது தொடை நிற்கும்போது 22½ அங்குலம். பட்டறையில் மரத்தாங்கியில் வைத்திருந்த சேணத்தில் ஏறி உட்கார்ந்து அளந்தபோது 24. அந்த ஒன்றரை அங்குலத்தில்தான் முதல் ஷாப்ஸின் தையல் தெறித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. இடது தொடை அரை அங்குலம் குறைவு. இரண்டு காலையும் தனித்தனியாக அளக்காத தையல்காரரிடம் கொடுக்காதீர்கள்.

வழக்கமாக அணியும் ஜீன்ஸ், பூட்ஸ், இடுப்புவார் எல்லாவற்றோடும் போங்கள். தொடையின் மேற்பகுதி, நடுத்தொடை, மடங்கிய முழங்கால், கெண்டைக்காலின் பருத்த இடம் பூட்ஸோடு சேர்த்து, கணுக்கால். பிறகு உட்பக்க நீளம், கவட்டிலிருந்து தரைவரை. இடுப்பளவை இடுப்பில் எடுக்கக்கூடாது. ஷாப்ஸ் அதற்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் உட்காரும். புடவை கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து இரண்டு விரல் கீழே. நீளத்தைப் பொறுத்தவரை, நிற்கும்போது குதிகால் பக்கம் தரையைத் தொடும் அளவுக்கு இருக்க வேண்டும். “நீளமாக இருக்கிறதே” என்று நீங்கள் சொல்வீர்கள். ஏறி உட்கார்ந்து முழங்கால் மடங்கியதும் அது இரண்டு மூன்று அங்குலம் மேலே போய்விடும்.

புதிதாக வரும்போது இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். தோல் இளகும். முதல் நாள் ஜிப்பை மூட எனக்கு மூச்சு வாங்கியது. மூன்று மாதத்தில் தொடையில் ஏறக்குறைய ஒரு அங்குலம் இளகி, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. முதல் நாளே சுகமாக இருக்கும் ஷாப்ஸ் நான்காம் மாதம் சாக்குப்பை.

முன்பக்கக் கட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இடுப்புப்பட்டையின் இரண்டு முன் முனைகளையும் நடுவில் இணைப்பது ஒரு மெல்லிய தோல் கயிறு மட்டும்தான். பார்த்தால், இவ்வளவு விலைக்கு இதென்ன பிசுநாறித்தனம் என்று தோன்றும். நானும் கேட்டேன், நல்ல கொக்கியாகப் போடக்கூடாதா என்று. கூடாது. டெக்சாஸ் மாட்டுப் பண்ணைகளில் போடும் மேற்கத்திய சேணத்தின் முன்னால் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை திமிறும்போது உங்கள் வயிறு அதன்மேல் சாய்ந்தால் பட்டை கொம்பில் மாட்டும்; கயிறு மெல்லியதாக இருந்தால் அறுந்துவிடும், நீங்கள் விழுவீர்கள். கொக்கியாக இருந்தால் விழமாட்டீர்கள், தொங்குவீர்கள். போன ஆண்டு ஒரு மான் குறுக்கே பாய, என் குதிரை பக்கவாட்டில் எகிறியது. நான் கொம்பின்மேல் சாய்ந்தேன், ‘டப்’ என்று ஒரு சத்தம், இரண்டு காலும் தரையில் இருந்தன. அறுந்த கயிற்றின் ஒரு துண்டு கொம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சேணப் பையில் மாற்றுக் கயிறு ஒன்று வைத்திருங்கள். இடுப்பைக் கூட்டிக் குறைக்கும் கொக்கி பின்பக்கம் இருந்தால் போதும்.

நூல் நைலானா, பாலியஸ்டரா என்று கேளுங்கள். பருத்தி நூல் குதிரை வியர்வையிலும் உங்கள் வியர்வையிலும் மக்கிப்போகும். ஜிப் உலோகப் பல்லோடு, கனத்ததாக, 10-ஆம் எண் அளவில் இருக்கட்டும். முழங்காலின் உட்பக்கம், கால் வைக்கும் அங்கவடியின் வார் உரசும் இடத்தில், தையல் எதுவும் வரக்கூடாது. குஞ்சம் வேண்டுமென்றால் அதையும் கால் வெட்டிய அதே தரத் தோலில் வெட்டி, தையலுக்குள் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். மலிவான கடைகளில் குஞ்சம் மட்டும் ஸ்பிளிட்டாக இருக்கும், ஒவ்வொன்றாக உதிரும். வெள்ளிப் பூ, பெயரெழுத்து எல்லாம் உங்கள் ஆசை.

கடைசித் தையலுக்கு முன் ஒருமுறை அணிந்து பார்க்கக் கூப்பிடச் சொல்லுங்கள். போனதும் கண்ணாடி முன் நிற்காதீர்கள். குந்தி உட்காருங்கள், படி ஏறுங்கள், சேணத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பிறகு ஜிப்பைப் பாருங்கள்: தொடையிலிருந்து கணுக்கால்வரை காலின் வெளிப்பக்கம் நேராக ஓட வேண்டும். எனக்கு இடது காலில் அது கெண்டைக்கால் அருகே முன்னால் திரும்பியது. தொடையில் கால் அங்குலம் கூடுதலாக வெட்டியதன் விளைவு அது. அங்கே சரிசெய்ததும் கீழே தானாக நேரானது.

இந்தியாவில் ஆங்கிலேய முறையில் ஏறுகிறவர்களுக்கு முழு ஷாப்ஸ் தேவைப்படாது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை மட்டும் மூடும் ‘ஹாஃப் ஷாப்ஸ்’ போதும். சேணத்துக்குப் பேர்போன கான்பூரில் தைப்பவர்கள் உண்டு. நாற்காலியில் முழங்காலை நேர்கோணத்தில் மடித்து உட்கார்ந்து, முழங்கால் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்து கொடுங்கள். புதிதில் மேல்விளிம்பு மடிப்பில் இடிக்கும். தோல் கணுக்காலில் சுருங்கி இறங்கியதும் சரியாகிவிடும்.

பராமரிப்பு அதிகமில்லை. மடிக்காமல் இடுப்புப்பட்டையில் தொங்கவிடுங்கள். நனைந்தால் நிழலில் காயட்டும். வெயிலும் ஹீட்டரும் வேண்டாம். சொரசொரப்புப் பக்கத்தைத் தூரிகையால் தட்டினால் போதும், எண்ணெய் தடவினால் புழுதியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கொடுக்கும்போது இரண்டு காரியம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, வெளித்தையலில் அரை அங்குலம் உள்ளே விட்டுத் தைப்பது; உடம்பு போடும், இளைக்கும். மற்றொன்று, உங்கள் அளவுக் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது. என்னுடையது அந்தப் பட்டறைச் சுவரில், ஆறடி உயர மாட்டுப் பண்ணைக்காரர்களின் காகிதங்களுக்கு நடுவே தொங்குகிறது. உயரத்தில் பாதிதான் இருக்கும், அகலத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. அடுத்த கோடைக்கு அதை வைத்தே சிங்க்ஸ் ஒன்று வெட்டச் சொல்லியிருக்கிறேன், 4 அவுன்ஸில்.