ஒரு ஸ்ட்ரிப், ஒரு கேள்வி: வீட்டில் சீனி பார்க்கும் முறை

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் 128, 131, 126, 133 என்று ஒரு மாத இரத்தச் சீனிக் கணக்கை எழுதிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். முப்பது நாள், சீனி மீற்றரில் செருகும் முப்பது ஸ்ட்ரிப், எல்லாமே விடியக்காலையில் வெறும் வயிற்றில் பார்த்தவை. கூடவே கொண்டுவரும் லாப் ரிப்போட்டில், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 என்று உயர்ந்து இருக்கும். மீற்றர் பழுது என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் மீற்றர் சரியாகத்தான் இருக்கும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சீனி எங்கே போய் நிற்கிறது என்று அந்த முப்பதில் ஒரு ஸ்ட்ரிப்பிடம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ட்ரிப் மலிவான சாமான் இல்லை. அதனால் விரலைக் குத்துவதற்கு முன், இந்த எண் வந்தால் எதை மாற்றப் போகிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பதில் ஒன்றும் இல்லையென்றால் அந்த ஸ்ட்ரிப் போத்தலிலேயே இருக்கட்டும்.

யார், எப்போது

இது குடிக்கும் மருந்தைப் பொறுத்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கும், மெட்போமின் மட்டும் குடிப்பவர்களுக்கும் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. அவர்கள் தினமும் குத்தத் தேவையில்லை. சாப்பாட்டை மாற்றிப் பார்க்கும் வாரங்களிலும், கிளினிக்குக்கு முந்திய வாரத்திலும், காய்ச்சல் வந்த நாட்களிலும் பார்த்தால் போதும்.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகள் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. சாப்பாடு பிந்தினாலும் அவை தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இவற்றைக் குடிப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் சாப்பாட்டுக்கு முன்னும், படுக்கப் போகும்போதும், நெடுந்தூரம் வாகனம் ஓட்ட முன்னும் பார்க்கப் பழக வேண்டும். இரவில் நீண்டநேர இன்சுலின் போடுபவருக்குத்தான் ஒவ்வொரு காலையும் பார்க்கும் வெறும் வயிற்று எண் உண்மையில் பயன்படும். அந்த எண்ணை வைத்தே அளவு கூட்டிக் குறைக்கப்படுகிறது.

பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு இதுதான்: சாப்பிட முன் 80 முதல் 130 வரை, சாப்பிடத் தொடங்கி 2 மணித்தியாலத்தில் 180-க்குக் கீழே. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் வைத்தியர் இதைச் சற்றுத் தளர்த்தி வைப்பார். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு.

வாங்கும்போது

மீற்றரைச் சலுகை விலையில் தருவார்கள். காசெல்லாம் ஸ்ட்ரிப்பில்தான் போகும். ஆகவே அந்த மொடலுக்கான ஸ்ட்ரிப் நீங்கள் வழமையாகப் போகும் இரண்டு பார்மசிகளிலாவது எப்போதும் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெட்டியில் ஐஎஸ்ஓ 15197 என்ற தரக்குறிப்பையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். மருந்துகளை ஒழுங்குபடுத்தும் அரச அதிகாரசபையான என்.எம்.ஆர்.ஏ பதிவு உண்டா என்றும் கடையில் கேட்கலாம்.

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து தரும் மீற்றரில் இரண்டு சிக்கல். ஒன்று, அதற்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காமல் போகலாம். மற்றது அலகு. அங்கே லீற்றருக்கு இத்தனை மில்லிமோல், இங்கே லாப் ரிப்போட்டில் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம். பல மீற்றர்களில் இதை மாற்றவும் முடியாது. மில்லிமோல் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நமது கணக்கு வரும்: 7.2 என்றால் ஏறக்குறைய 130. திரையில் 16.5 என்று கண்டு, "சீனி பதினாறுக்கு இறங்கிவிட்டது" என்று பதறிச் சீனி கரைத்துக் கொடுத்தால், உண்மையில் 297-இல் இருப்பவருக்கு மேலும் சீனி ஏற்றுகிறோம். அப்படியான மீற்றரைப் பாவிப்பதானால் அதன் பின்புறம் "×18" என்று ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிவிடுங்கள்.

ஸ்ட்ரிப்பும் கொழும்புக் காற்றும்

ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது காய்ந்த நொதியம். ஈரம் பட்டால் கெட்டுவிடும். போத்தல் மூடியின் உட்புறத்தில் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது அதற்காகத்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல் பக்கம் ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் போத்தலைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போகாதீர்கள். ஒன்றை எடுத்த கையோடு மூடி 'டக்' என்று கேட்கும்படி அழுத்துங்கள். மிச்சத்தை வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம்.

பெரும்பாலான போத்தல்களில் 30 பாகை வரை என்று போட்டிருக்கும். சித்திரை மாதத்தில் மேல்மாடி அறை அதைத் தாண்டிவிடும். சரி, பிரிஜ்ஜில் வைக்கலாமே என்றால் அதுவும் பிழை: குளிரிலிருந்து எடுத்துத் திறந்ததும் உள்ளே வியர்த்துவிடும். சமையலறை, குளியலறை, வெயிலில் நிற்கும் கார் எதுவும் வேண்டாம். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு நல்ல இடம்.

திறந்த அன்றைய திகதியைப் போத்தலில் பேனையால் எழுதுங்கள். திறந்த பிறகு 3 மாதமா 6 மாதமா என்பது லேபிளில் இருக்கும். வாரத்துக்கு இரண்டு ஸ்ட்ரிப் மட்டும் செலவாகிறவர் 50 ஸ்ட்ரிப் போத்தல் வாங்கினால் அது முடிய 25 வாரம் ஆகும். 3 மாதக் கெடுவென்றால் பாதி வீண். அவருக்கு 25 ஸ்ட்ரிப் உள்ள போத்தல்தான் லாபம்.

விரல்

பிழையான எண்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. மீற்றர் உறிஞ்சுவது அரை மைக்கிரோலீற்றர் அளவு இரத்தம். சீனி 100 என்றால் அதற்குள் இருக்கும் குளுக்கோஸ் வெறும் அரை மைக்கிரோகிராம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் உரித்த விரலில் காய்ந்து கிடக்கும் சாற்றின் சுவடே அதை இரட்டிப்பாக்கிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது முழுதாகப் போகாது. சவர்க்காரமும் தண்ணீரும்தான் போக்கும். கழுவியபின் சுத்தமான துவாயால் நகக்கண் வரை ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் நின்றால் இரத்தம் கரைந்து எண் குறைத்துக் காட்டும். ஸ்பிரிட் பாவித்தே ஆகவேண்டுமென்றால் அது தானாகக் காயும்வரை பொறுங்கள்.

ஸ்ட்ரிப்பை மீற்றரில் செருகி, இரத்தத்துளிப் படம் வந்தபின் குத்துங்கள். நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு. நுனியின் நடுச்சதையில்தான் நரம்பு அதிகம். அன்றாடம் பொருட்களைத் தொடுவதும் அந்த இடத்தால்தான். குத்தும் பேனையின் ஆழத்தை 2-இல் தொடங்குங்கள். துளி வராவிட்டால் 3. வேலை செய்து தோல் தடித்த கைக்கு 4-உம் தேவைப்படலாம்.

துளி வரவில்லை என்று நுனியைப் பிதுக்க வேண்டாம். பிதுக்கினால் சதையிலுள்ள நீரும் சேர்ந்து வந்து எண்ணைக் குழப்பும். குத்த முன் கையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, அரை நிமிடம் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி மெதுவாக நீவினால் துளி தானாக வரும். ஸ்ட்ரிப்பின் விளிம்பைத் துளியில் தொடுங்கள், அது தானே உறிஞ்சிக்கொள்ளும். பாதி நிறைந்து நின்றுவிட்டால், கையேட்டில் அனுமதி இருந்தாலன்றி இரண்டாவது துளி சேர்க்காதீர்கள். அந்த ஸ்ட்ரிப் போனதுதான். பயணத்தில் கைகழுவ வழியில்லாவிட்டால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதைப் பாவிக்கலாம்.

பேனைக்குள் போடும் ஊசியான லான்செட் ஒருமுறை பாவனைக்கு உரியது. பலர் நாள்கணக்கில் ஒன்றையே வைத்துக் குத்துகிறார்கள். முனை மழுங்கி நோவு கூடும். ஆனால் இன்னொருவரின் பேனையை வாங்கிக் குத்துவதற்கு மன்னிப்பே இல்லை. புதிய லான்செட் போட்டாலும் பேனையின் மூடியில் பழைய இரத்தம் இருக்கும். ஹெப்படைட்டிஸ் பி அதன் வழியாகப் பரவும். வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சீனி என்றால் பேனை இரண்டு, முடிந்தால் மீற்றரும் இரண்டு. ஒரே மீற்றரானால் அதன் நினைவகத்தில் எது யாருடைய எண் என்றும் தெரியாமல் போகும்.

சோடியாகப் பார்த்தல்

ஒரு சாப்பாட்டை விசாரிக்க இரண்டு ஸ்ட்ரிப் வேண்டும்: ஒன்று சாப்பிடச் சற்று முன், மற்றது முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணித்தியாலத்தில். கைகழுவி எழும்பிய நேரத்திலிருந்து கணக்குப் பார்த்தால் உச்சம் தவறிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. செவ்வாய் இரவு, சாப்பிட முன் 118. எட்டு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். தொடங்கியது 7.40. 9.40-க்குப் பார்த்தால் 212, ஏற்றம் 94. வியாழன் இரவு, முன் 121. ஐந்து இடியப்பம், பருப்பு, மீன் குழம்பு, ஒரு கோப்பை வல்லாரைச் சம்பல். 2 மணித்தியாலத்தில் 168, ஏற்றம் 47. நான்கு ஸ்ட்ரிப்பில் இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு உருப்படியான பதில் கிடைத்துவிட்டது. ஏற்றம் 50-ஐத் தாண்டினால் அந்தத் தட்டைத் திருத்தலாம் என்பது கைவசம் வைத்துக்கொள்ள வசதியான ஒரு கோடு. ஆனால் முடிவெடுக்க முன் அதே தட்டை இன்னொரு நாளும் பாருங்கள். மீற்றருக்கே 15 வீதம்வரை முன்பின் உண்டு. 142-க்கும் 150-க்கும் வித்தியாசம் என்று ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் காலைப் பாணும் பருப்பும், அதற்கடுத்த வாரம் மத்தியானச் சோறு. கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தையும் தட்டில் இருந்ததையும் எழுதாவிட்டால் வைத்தியருக்கு அது வெறும் எண்தான்.

படுக்கும்போது 135, விடிய 160 என்று வருகிறதா? இரவில் திருடிச் சாப்பிட்டதாக வீட்டில் குற்றம் சாட்ட வேண்டாம். விடியும் நேரத்துச் சுரப்புகள் ஈரலிலிருந்து குளுக்கோஸை வெளிவிடச் செய்கின்றன. இன்சுலினோ கிளிக்லசைட் வகைக் குளிசையோ பாவிப்பவர் ஓரிரு நாள் அதிகாலை 3 மணிக்கும் ஒன்று பார்த்து அந்த எண்களை வைத்தியரிடம் காட்டட்டும். மருந்தின் அளவை நீங்களே மாற்ற வேண்டாம்.

70-க்குக் கீழே

வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி. மீற்றர் கையில் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் பார்க்காமலே வைத்தியத்தைத் தொடங்குங்கள். 4 தட்டைத் தேக்கரண்டி சீனி, அதாவது ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சொக்லட்டும் மில்க் டொபியும் கைகொடுக்காது. கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். அகார்போஸ் என்ற குளிசை குடிப்பவருக்குச் சாதாரண சீனி விரைவாக உடையாது, குளுக்கோஸ் தூளே வேண்டும். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடியும். ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள்.

கிளிக்லசைட் வகைக் குளிசையால் இறங்கிய சீனி சில மணித்தியாலம் கழித்து மீண்டும் இறங்கலாம். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் ஏறிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

300-க்கு மேலே

முதலில் கைகழுவித் திரும்பப் பாருங்கள். மறுபடியும் 300-க்கு மேல், கூடவே வாந்தி, கடும் தாகம், தூக்கக்கலக்கம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் குடிப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இந்தக் குளிசைகளோடு, சீனி 200 அளவில் இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். வாந்தி, வயிற்றுநோவு, மூச்சு வாங்குதல் இருந்தால் மீற்றரின் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

விரத நாட்கள்

கந்தசஷ்டியோ நோன்போ, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று சில வாரம் முந்தியே வைத்தியரிடம் கேளுங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ அன்று விரதத்தை விட்டுவிட வேண்டும்.

மீற்றரை லாபோடு ஒப்பிடுதல்

வெறும் வயிற்று இரத்தம் கொடுக்கப் போகும்போது மீற்றரையும் கொண்டுபோங்கள். கையின் இரத்த நாளத்தில் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். லாப் 160 என்றால் மீற்றர் 136-க்கும் 184-க்கும் இடையில் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டபின் இந்த ஒப்பீடு செய்யக்கூடாது. அப்போது விரல் இரத்தத்தில் நாளத்து இரத்தத்தைவிடச் சீனி இயல்பாகவே கூட. இரத்தசோகை உள்ளவருக்குப் பல மீற்றர்கள் கூட்டிக் காட்டும். தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறைபாடு இருந்தால் எச்பிஏ1சியும் நம்பத்தக்கதாக இராது, அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மீற்றரோடு ஒப்பிடுவதில் பயனில்லை, இரண்டில் எது சரி என்று எப்படித் தெரியும்?

பாவித்த ஊசி

லான்செட்டைக் குப்பைப் பையில் போட்டால் அதைத் தரம்பிரிக்கும் மாநகர சபை ஊழியரின் கையில்தான் ஏறும். தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் போட்டு மூடி வையுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கிளினிக்கில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். பாவித்த ஸ்ட்ரிப்பும் அதே போத்தலுக்குள் போகட்டும்.