வேகம் குறைந்த டீமுக்கும் பிரெஸ்ஸிங்: தோட்டத்துக் கிரவுண்டுக்கு ஏற்றபடி

போன தீபாவளி மெட்சுக்கு முன் எங்கள் தோட்டத்து டிவிஷன் பையன்களுக்கு, பயிற்சியாளர் க்ளொப்பின் லிவர்பூல் ஃபுட்பால் ஆட்டத்தை ஃபோனில் போட்டுக் காட்டி, "பந்து போன உடனே எல்லாரும் பாயுங்கள்" என்று சொல்லி இறக்கினேன். பிரெஸ்ஸிங் என்றால் இதுதான்: பந்து வைத்திருக்கும் எதிராளியை நெருக்கிப் பறிப்பது. முதல் 20 நிமிடம் அருமையாக இருந்தது. இடைவேளைக்கு முன்பே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்கள். 1–0 என்று முன்னால் இருந்த மெட்ச் 4–1 என்று கைவிட்டுப் போனது. பிழை அவர்களுடையது அல்ல. பாதிப் பேர் கொழும்புக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, முதல் நாள் இரவு பஸ் ஏறி வந்தவர்கள். மீதிப் பேர் ஃபெக்டரியில் நைட் வேலை பார்க்கும் அண்ணன்மார்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. பிரெஸ்ஸிங்குக்குப் பேர்போன ரால்ஃப் ராங்னிக் 2021 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைட்டட்டுக்குப் பயிற்சியாளராக வந்து, பின்னால் தடுக்கும் பெக் நால்வர், நடுவில் இரண்டிரண்டாக ஹாஃப் நால்வர், முன்னால் இருவர் என்ற 4-2-2-2 அமைப்பில் ஆட வைத்தார். சில வாரங்களிலேயே அந்த அமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பருவத்தை டீம் 6ஆம் இடத்தில் முடித்தது. முன்னால் நின்ற ரொனால்டோவுக்கு அப்போது 36 வயது. ஓடி விரட்டுவது அவர் வேலை இல்லை, ஆனால் லீக்கில் 18 கோல் போட்டவரும் அவர்தான். அப்படி ஒருவர் எல்லாத் தோட்டத்து டீமிலும் இருக்கிறார். அவரை வெளியே வைக்காமல் எப்படி பிரெஸ் பண்ணுவது? நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் கால்களை எண்ணுங்கள். 30 மீட்டர் தூரத்தை ஆறு தடவை ஓடச் சொல்லுங்கள், நடுவில் 20 விநாடி மட்டும் ஓய்வு. ஆறாவது ஓட்டத்திலும் வேகம் விழாதவர்கள் யார் என்று கொப்பியில் எழுதுங்கள். எங்களிடம் நான்கு பேர்தான் தேறினார்கள். விரட்டுகிற வேலை அந்த நால்வருக்கு. கோல் போடும் அண்ணன் எதிராளியின் நடு பெக் இருவருக்கும் இடையில் நின்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பந்து போகும் பாதையை மறைத்தால் போதும்.

அப்புறம் இடைவெளி. என் கருத்தில் பிரெஸ்ஸிங்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பை வென்ற, பயிற்சியாளர் சாக்கியின் மிலான் டீம், முன்வரிசைக்கும் கடைசி பெக்குக்கும் இடையில் ஏறக்குறைய 25 மீட்டருக்குள் நிற்கப் பழகியது. நமக்கு 30 மீட்டர் போதும். எட்டு வைத்து அளந்து கல் நட்டுக் காட்டுங்கள். முழு டீமும் நடுக்கோட்டுக்கு அருகில் காத்திருக்கட்டும். அவர்களுடைய பெக்குகள் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் தட்டட்டும், அங்கே நமக்கு ஆபத்து இல்லை. நெருங்கி நின்றால் நடக்கிற கால்கூட நேரத்துக்குப் போய்ச் சேரும்.

எப்போது பாய்வது? மூன்று சமயங்களில் மட்டும்: எதிராளி பந்தைப் பின்னால் அனுப்பும்போது, பந்து ஓரத்து பெக்கிடம் போகும்போது, வாங்குகிறவர் முதல் தொடுகையிலேயே பந்தைத் தவறவிடும்போது. ஓரத்தில் இருப்பவருக்குக் கோடே ஒரு சுவர், பாதி வேலையை அதுவே செய்துவிடும். முதலில் போகிறவர் நேராக ஓடாமல் உள்பக்கத்திலிருந்து வளைந்து ஓட வேண்டும். அப்போதுதான் நடுவுக்கான பாஸ் அவர் முதுகுக்குப் பின்னால் மறையும். நடுவில் நிற்கும் ஹாஃப் ஒருவர் "போ!" என்று கத்தட்டும். நால்வரும் ஐந்து விநாடி முழு மூச்சாக. கிடைக்கவில்லையா, "இறங்கு!" என்ற சத்தத்தோடு எல்லாரும் பழைய இடத்துக்கு. இந்த இறங்குதலைத்தான் பையன்கள் மறக்கிறார்கள். தீபாவளி மெட்சில் நாங்கள் வாங்கிய நான்கு கோலில் மூன்று, பாய்ந்தவர்கள் திரும்பி வராததால் விழுந்தவை. மூடுபனி இறங்கும் நாளில் கைசைகை தெரியாது, குரலை மட்டும் நம்புங்கள்.

பயிற்சிக்கு 25க்கு 20 மீட்டர் கட்டம் ஒன்று, ஐந்துக்கு ஐந்து பேர். ஐந்து விநாடிக்குள் பந்தைப் பறித்தால் ஒரு புள்ளி. ஒரு நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, எட்டுச் சுற்று. வேலை முடிந்து வந்த உடம்புக்கு அதற்கு மேல் வேண்டாம்.

சரி, இனி நம்முடைய கிரவுண்ட். தேயிலைக்கு நடுவில் வெட்டிய கிரவுண்ட் பெரும்பாலும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். எதிராளி மேட்டை நோக்கி உதைக்கும் பாதியில், அவர்கள் தூக்கி அடிக்கும் பந்து பாதி வழியிலேயே விழும். அந்தப் பாதியில் நடுக்கோட்டிலிருந்து பத்து எட்டு முன்னால் போய் நில்லுங்கள். அவர்கள் பள்ளத்தை நோக்கி உதைக்கும் பாதியில் ஒரே அடி நம் பெக்குகளின் தலைக்கு மேலால் போய்விடும். அப்போது பதினைந்து எட்டு பின்னால் வந்து காத்திருப்பதே சரி. கீப்பர் மட்டும் பெட்டியின் விளிம்பில் நிற்கட்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நம் மலையகத்து ஹட்டன், மஸ்கெலியா பக்கம் விடாது. தேங்கிய தண்ணீரில் பின்னால் அனுப்பிய பாஸ் பாதியில் நின்றுவிடும், அதற்காகக் காத்திருங்கள். ஆனால் பாய்கிறவர் கடைசி இரண்டு எட்டில் வேகத்தைக் குறைக்காவிட்டால் சறுக்கி எதிராளியைத் தாண்டிப் போய்விடுவார்.

டாஸ் வென்றால் முதல் உதையைக் கேட்காமல் பக்கத்தைக் கேளுங்கள். 2019 முதல் டாஸ் வென்றவர் இரண்டில் எதையும் கேட்க விதி இடம் தருகிறது. மேட்டுப் பக்கத்து கோலை நாம் காக்கும் கோலாக எடுத்தால், கால் புதிதாக இருக்கும் முதல் பாதியில் எதிராளி மேட்டை நோக்கி உதைப்பார். நால்வரும் களைத்த இரண்டாம் பாதியில் எப்படியும் பின்னால் நின்றுதான் ஆடப் போகிறோம்.