ட்ரெய்லர் லாரிக்கு இரண்டு நம்பர் பிளேட்

நெடுஞ்சாலையில் லேன் மாறிய ட்ரெய்லர் லாரி எங்கள் காரை இடித்ததில் என் மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இழப்பீடு கேட்டு எழுதினால், லாரியின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரே பதில்தான்: "இந்த விபத்து எங்கள் பாலிசியில் வராது."

பில்கள், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினேன். போலீஸ் அறிக்கையின் நகலையும் சேர்த்தேன். ஒன்றும் நகரவில்லை.

அப்புறம் விபத்து நடந்த இடத்தில் எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லாரியின் பின்னால் ஒரு நம்பர், முன்னால் வேறொரு நம்பர்! இழுக்கும் முன்பகுதியும் பின்னால் மாட்டியிருக்கும் ட்ரெய்லரும் தனித்தனி வண்டிகள். உரிமையாளர், காப்பீடு எல்லாமே வேறு வேறாக இருக்கலாம். அறிக்கையில் ஏறியிருந்தது ட்ரெய்லரின் நம்பர் மட்டும்; அதனால் நான் இதுவரை எழுதியதும் ட்ரெய்லரின் காப்பீட்டாளருக்கு மட்டும்தான்.

போட்டோவைக் காட்டி, முன்பகுதியின் நம்பரையும் அறிக்கையில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து அதன் காப்பீட்டாளரைக் கண்டுபிடித்து, இரண்டு நிறுவனங்களுக்கும் கடிதம் போட்டேன். லாரி உரிமையாளருக்கும் ஒன்று: இன்ஜின் கணினியில் பதிந்திருக்கும் வேகம், பிரேக் விவரங்களை அழியாமல் வைக்க வேண்டும் என்று. லாரி மறுபடி ஓட ஆரம்பித்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடலாம். இதைச் சீக்கிரமே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

முன்பகுதியின் காப்பீட்டாளர் க்ளெய்ம் எண் கொடுத்துவிட்டார். பெரிய நிம்மதி. 'முழுத் தீர்வு' என்று, இனி மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டேன் என ஒப்புக்கொள்ளும் ஒரு படிவமும் வந்திருக்கிறது. பிசியோதெரபி முடிந்து, இனி என்ன சிகிச்சை தேவை என்று டாக்டர் எழுதித் தரும்வரை அதில் கையெழுத்துப் போடப்போவதில்லை.