எல்லாப் புழுவும் 'வொர்ம்' இல்லை

பிள்ளைகளுக்குப் பூச்சிகளின் ஆங்கிலப் பெயர் சொல்லித்தரும்போது அதிகம் குழப்புவது புழுதான். எங்கே கிடந்தது என்று பார்த்துப் பெயர் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். முருங்கை இலையைத் தின்னும் கம்பளிப்பூச்சி கேட்டர்பில்லர். அழுகிய மீனில் நெளிவது ஈயின் புழு, மேகட். எருக்குழியைக் கிளறினால் வெள்ளையாக, குண்டாக, சுருண்டு கிடக்குமே, அது வண்டின் புழு, க்ரப். மண்புழுதான் எர்த்வொர்ம். பட்டுப்புழுவை சில்க்வொர்ம் என்றாலும் அதுவும் கேட்டர்பில்லர்தான் (ஆங்கிலமும் அவ்வளவு ஒழுங்கில்லை!).

பூரானா மரவட்டையா என்ற சந்தேகம் வந்தால் காலைப் பாருங்கள். உடலின் ஒரு கணுவுக்கு ஒரு ஜோடிக் கால் என்றால் பூரான், சென்டிபீட், கடிக்கும். பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி என்றால் தொட்டதும் சுருளும் மரவட்டை, மில்லிபீட். சிலந்திக்கும் வளர்ந்த உண்ணிக்கும் எட்டுக் கால். இரண்டையும் இன்செக்ட் பட்டியலில் எழுதினால் மார்க் போய்விடும்.

ஒரு பேன் லவுஸ், பல பேன்கள் லைஸ். ஈர் என்பது நிட். அரிசி டப்பாவில் ஊரும் மூக்கு நீண்ட வண்டு வீவில். கறையானை ஒயிட் ஆன்ட் என்பார்கள். அது எறும்பே இல்லை, கரப்பானுக்குத்தான் பங்காளி. டெர்மைட் என்றே பழக்குங்கள்.