மஞ்சப் பூவெல்லாம் சூரியகாந்தி இல்லீங்க

அமெரிக்காவோட இல்லினாய்ஸ் மாநிலத்துல ஜூலை மாசம் ப்ரெய்ரி புல்வெளி பார்க்கப் போறவங்க முக்காவாசிப் பேர், ஆள் உசரத்துக்கு மேல மஞ்சப் பூ தெரிஞ்சா "ஆ, காட்டு சூரியகாந்தி"ன்னு ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடறாங்க, நானும் ரெண்டு சீசன் அப்படித்தான் சுத்தினேன். அது காம்பஸ் பிளான்ட்டா, அதாவது திசைகாட்டிச் செடியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

பூவையே பார்த்துட்டு நிக்கறதுதான் பெரிய தப்பு. குனிஞ்சு அடி இலையப் பாருங்க. ஒரு முழம்கூட நீளும், நடு நரம்பு வரைக்கும் ஆழமா கிழிஞ்ச மாதிரி இருக்கும், தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், தண்டுல பிசின் வடியும். கூடப்பொறந்ததுங்க வேற இருக்கு, அங்கதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. தண்டு பிரண்டை மாதிரி நாலு பட்டையா இருந்து, எதிரெதிர் இலை ரெண்டும் ஒட்டிக்கிட்டு மழைத் தண்ணியைக் கிண்ணம் மாதிரி புடிச்சு வச்சிருந்தா அது கப் பிளான்ட், ஈரமான ஓடைக்கரை ஆளு. இலை கிழியாம முறம் மாதிரி அகலமா அடியிலயே நின்னு, பூந்தண்டு மட்டும் மொட்டையா மேல போனா ப்ரெய்ரி டாக்.

பேர்லயே காம்பஸ் இருக்குன்னு போன்ல திசை பார்த்து "பொய்"னு சொல்றவங்களும் உண்டு. நல்லா வெயில் படற அடி இலைங்கதான் செங்குத்தா நின்னு விளிம்பை வடக்கு தெற்கா வைக்கும், அதுவும் சுமாராத்தான். நிழல்ல நிக்கற செடிகிட்ட வழி கேட்காதீங்க.

அடுத்தது, தேடற இடம். மரநிழல்ல தேடினா கிடைக்காது. ஒரு காலத்துல 2 கோடி ஏக்கருக்கு மேல ப்ரெய்ரி இருந்த ஊர் இது, ஏர் ஓடி மக்காச்சோளக் காடாகி ஆயிரத்துல ஒரு பங்குகூட மிஞ்சல. ஏர் படாத இடம்னா பழைய கல்லறைத் தோட்டமும் ரயில் தண்டவாள ஓரமும்தான், நான் மொதல்ல சரியா அடையாளம் கண்டதே ஒரு கல்லறைல, வேலிக்கு வெளிய மக்காச்சோளம், உள்ள பத்தடிக்கு இது.

உசரம் இல்லேன்னா இது இல்லைன்னும் முடிவு பண்ணிடாதீங்க, பூக்கறதுக்கு முன்னாடி பல வருஷம் வெறும் இலையாத்தான் கெடக்கும், அவ்வளவு நாளும் பத்தடிக்கு மேல கீழ வேர் விட்டுட்டிருக்கும். அதனால வீட்டுக்குத் தோண்டி எடுத்துட்டுப் போற ஐடியா வேண்டாம், வேர் பாதில அறுந்து செடிதான் சாகும். வேணும்னா நர்சரில விதை வாங்கிப் போடுங்க.