கொல்லைப்புறத்தில் ஒரு ஐஸ் ரிங்க்

கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில் காக்ரேன் என்று ஒரு சிற்றூர். காபிக் கடையின் பெயராகவே ஆகிவிட்ட ஐஸ் ஹாக்கி வீரர் டிம் ஹார்ட்டன் 1930-ல் பிறந்தது இங்கேதான். ஜனவரி இரவில் மைனஸ் 20-க்குக் கீழே போனால் யாரும் அதைப் பேச்சாகக்கூட எடுக்க மாட்டார்கள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சாயங்காலம் என்னதான் செய்வது என்று முதல் குளிர்காலம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். கொல்லையில் தண்ணீரை உறையவைத்து ஒரு ஐஸ் ரிங்க், அதாவது சறுக்கு மைதானம், போட்டிருந்தார். ஒற்றை விளக்கு, அதன் கீழே நாலு பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். மறு வருஷம் நானும் கட்டினேன், சொதப்பினேன். அதற்கடுத்த வருஷம்தான் உருப்படியாக வந்தது. இரண்டிலும் கற்றதைச் சொல்கிறேன்.

1. அக்டோபரிலேயே மட்டம் பாருங்கள்

மண் இறுகிவிட்டால் முளை இறங்காது. அதனால் தரை உறைவதற்கு முன்பே இடத்தைக் குறித்துவிடுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற புல்தரை சமமே இல்லை. நம் ஊர்க் கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய டியூப்பை இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதேதான். எங்கள் 20-க்கு 40 அடி இடத்தில் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 4 அங்குலம் வித்தியாசம் வந்தது. மேட்டுப் பக்கம் குறைந்தது 3 அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். அப்படியானால் பள்ளத்தில் 7. சராசரி 5 அங்குலம் என்று வைத்தால் ஏறக்குறைய 9,400 லிட்டர். கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். தோட்டத்து ஹோஸ் நிமிடத்துக்கு 30 லிட்டர் தந்தால் ஐந்தே கால் மணி நேர வேலை.

2. பலகை

இடத்தைச் சுற்றி 10 அங்குல அகலப் பலகையை நிறுத்தி, வெளிப்பக்கம் நாலடிக்கு ஒரு முளை அடித்து முட்டுக் கொடுங்கள். பள்ளத்துப் பக்கம் இன்னும் நெருக்கமாக. தண்ணீர் தள்ளுகிற தள்ளு சாதாரணமல்ல.

3. தார்ப்பாய்: நான் ஏமாந்த இடம்

தண்ணீர் கசியாமல் இருக்கப் பலகைகளுக்குள் விரிக்கிற தார்ப்பாயை, விலை குறைவு என்று நீல நிறத்தில் வாங்கினேன். அடர்ந்த நிறம் வெயிலை உறிஞ்சும். மேலே ஐஸ் இருக்கும்போதே அடியில் இளகும். வெள்ளையாகவே வாங்குங்கள். நாலு பக்கமும் பலகை மேல் மடித்துப்போட அளவு மிச்சம் இருக்கட்டும். இன்னொரு தப்பு, நவம்பரிலேயே விரித்து வைத்தது. காற்றில் வந்து விழுந்த சுள்ளி ஒன்று குத்தி ஓட்டை. மேலே உறைந்தபின் அடித்தண்ணீர் கசிந்து போய்விட்டது. மிதித்தால் முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது. தண்ணீர் விடுகிற நாளன்று காலையில் விரித்தால் போதும். தார்ப்பாயைப் பலகையோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிப்பதானால் பலகையின் வெளிப்புறத்தில் மட்டும்.

4. ஒரே மூச்சில் நிரப்புங்கள்

பகலிலும் மைனஸ் 10-க்கு மேல் ஏறாத, பனி கொட்டாத நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வரும்வரை காத்திருங்கள். உறையாத தண்ணீரில் பனி விழுந்தால் கஞ்சியாகிவிடும். குளிர்காலத்துக்காக வீட்டுக்குள் மூடி வைத்த வெளிக்குழாய் வால்வைத் திறந்து நிரப்புங்கள். முடிந்ததும் மூடி, குழாயை வடித்துவிடுங்கள். மறந்தால் குழாய் வெடிக்கும். ஹோஸையும் தண்ணீர் வடித்துச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுங்கள். வெளியே ஒரு மணி நேரம் கிடந்தால் அது இரும்புக் கம்பி.

அப்புறம் கால் வைக்காதீர்கள். மூன்றாம் நாளே பார்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஒரு பூட்ஸ் தடம் பதிந்தால் மார்ச் வரை அதை நிரவிக்கொண்டிருப்பீர்கள். டிரில்லின் நுனியிலிருந்து 4 அங்குலத்தில் டேப் ஒட்டி, பள்ளத்துப் பக்கம் பலகையோரமாகத் துளைத்துப் பாருங்கள். டேப் வரை துளைத்தும் தண்ணீர் வரவில்லை என்றால் ஏறலாம்.

5. ராத்திரி வேலை

ரிங்க் உண்மையில் இங்கேதான் உருவாகிறது. பிள்ளைகள் ஆடி முடித்ததும் ஐஸ் தூளைச் சுத்தமாக வழித்துவிட்டு, காகிதக் கனத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். பெரிய ரிங்க்குகளில் ஃபிராங்க் ஸாம்போனி 1949-ல் உருவாக்கிய வண்டி இதைச் செய்கிறது. நமக்கு ஒரு நாலடி பிவிசி குழாய் போதும். வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டு, டி வடிவில் கைப்பிடி பொருத்தி, பின்னால் பழைய டவலைக் கட்டி இழுத்துக்கொண்டே போகலாம்.

வெந்நீர் விடுங்கள். மேல்தோலைக் கொஞ்சம் இளக்கி, பழைய ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 25-ல் பச்சைத் தண்ணீர் பரவுவதற்குள் உறைந்து வரப்பு வரப்பாக நிற்கும். வெந்நீர் பட்டதும் இட்லிக் கொப்பரையைத் திறந்தாற்போல ஆவி எழும், காலடியில் ஐஸ் டிக் டிக்கென்று விரியும். எனக்குப் பிடித்த நேரம் இதுதான். வெடிப்பு இருந்தால் பனியையும் தண்ணீரையும் பிசைந்து, சுவரில் ஓட்டை அடைப்பதுபோல அப்பிவிடுங்கள்.

இதே ஒன்ராறியோவின் பிராண்ட்ஃபோர்டில் வால்டர் கிரெட்ஸ்கி தோட்டத்து ஸ்பிரிங்க்ளரை வைத்தே, பின்னாளில் ஐஸ் ஹாக்கி நட்சத்திரமான மகன் வெய்னுக்கு ரிங்க் போட்டார். கருவி எதுவானாலும் ராத்திரிக்கு ராத்திரி வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

6. சறுக்கத் தெரியாதா?

எனக்கும் தெரியாது. பழைய பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போனேன். ஹெல்மெட் கட்டாயம்.

பனி பெய்த அன்றே அள்ளுங்கள். அது கம்பளிபோல மூடிக்கொண்டு உறைவதைக் கெடுக்கும். ஒரு வாரம் இளகினால் விட்டுவிடுங்கள், குளிர் வந்ததும் தானே மறுபடி உறையும். இப்போதெல்லாம் அந்த இளகல் அடிக்கடி வருகிறது. 2023-ல் ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் ரிங்க்கே திறக்கவில்லை. 1970-ல் தொடங்கியதிலிருந்து அதுவே முதல் தடவை.

உருகத் தொடங்கியதும் பள்ளத்துப் பக்கத் தார்ப்பாயைக் கீழே இறக்கித் தண்ணீரை விட்டுவிடுங்கள். பலகைகளுக்கு எண் எழுதி அடுக்குங்கள். ஜனவரியில் தொலைந்த பக்குகள், அதாவது ஐஸ் ஹாக்கி ஆடுகிற ரப்பர் வட்டுகள், அப்போதுதான் வேலியோரப் பனியிலிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். போன ஏப்ரலில் பதினொன்று கிடைத்தது. அதில் மூன்று எங்களுடையதே இல்லை.